குப்பிக்கு வெளியே இத்தனை கூத்தா? தெரியுமா?

ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டருக்கு ஷாம்பேன் என்றால் உயிர். ஆனால் அந்தக் குப்பியைப் பார்த்தாலே அடிவயிற்றில் ஒரு கலக்கம். காரணம், அது கரும்பச்சைக் கண்ணாடி. உள்ளே என்ன மிதக்கிறது என்று தெரியாது. குப்பியைக் கவிழ்த்தால் அடியில் கட்டைவிரல் புகுகிற அளவுக்கு ஒரு குழி வேறு. ஒயினில் எவனாவது விஷத்தைக் கலந்திருந்தால்? அந்தக் குழிக்குள் குட்டி வெடிகுண்டைச் செருகியிருந்தால்?

சிரிக்காதீர்கள். இந்தப் பயத்துக்காகவே 1876ல் பிரான்ஸின் லூயி ரோடரர் நிறுவனம் ஒரு புதுக் குப்பியைச் செய்து கொடுத்தது. பளிங்கு போன்ற கண்ணாடி, உள்ளே இருப்பது அப்பட்டமாகத் தெரியும். அடிப்பாகம் தட்டை, எதையும் ஒளித்து வைக்க முடியாது. ஷாம்பேனின் வாயு அழுத்தத்தைத் தாங்கத்தான் அடியில் குழி போடுகிறார்கள். குழி வேண்டாம் என்றால் கண்ணாடியைத் தடிமனாக்க வேண்டும். ராஜா கேட்டால் மறுக்கவா முடியும்? அப்படிப் பிறந்ததுதான் இன்று உலகப் புகழ்பெற்ற 'கிரிஸ்டல்'. 1881ல் சக்கரவர்த்தி வெடிகுண்டுக்குத்தான் பலியானார். குண்டு வந்தது குப்பியில் இல்லை, தெருவில்!

இன்னொன்று தெரியுமா? ரஷ்ய அரண்மனை குடித்த அந்த ஷாம்பேன் இன்றைய ஷாம்பேன் மாதிரி இல்லை. திகட்டத் திகட்ட இனிப்பு. இன்றைக்கு அதை 'டெசர்ட் ஒயின்' வரிசையில்தான் வைப்பார்கள். அதாவது விருந்து முடிந்து, நம் வீட்டில் பாயசம் வருகிற நேரத்தில், சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடுக்கிற இனிப்பு ஒயின்.

எச்சரிக்கை வாசகத்தை முதலிலேயே ஒட்டிவிடுகிறேன்: மது அருந்துதல் உடல்நலத்துக்குக் கேடு. இந்தக் கட்டுரையில் ஒரு கார்க்கைக்கூடத் திறக்கப் போவதில்லை. பார்க்கப் போவதெல்லாம் குப்பிக்கு வெளியே இருப்பதை மட்டும்தான்: லேபிள், கண்ணாடி, அரக்கு, மூடி, கரண்டி. ஆமாம், கரண்டி! அதற்கு அப்புறம் வருகிறேன்.

பானையில் எழுதிய லேபிள்

லேபிள் என்பது அச்சு இயந்திரம் வந்த பிறகு பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? 1922ல் எகிப்தில் துட்டன்காமன் கல்லறையைத் திறந்தபோது உள்ளே 26 ஒயின் ஜாடிகள் இருந்தன. மன்னன் இறந்து அப்போதே 3,200 ஆண்டுகளுக்கு மேல். பெரும்பாலான ஜாடிகளின் தோளில் மையால் எழுதியிருந்தார்கள்: மன்னன் ஆட்சிக்கு வந்து எத்தனையாவது ஆண்டு, எந்தப் பண்ணை, நதியின் எந்தக் கிளையோரம், ஒயின் செய்த தலைமைத் தொழிலாளியின் பெயர் என்ன. சில ஜாடிகளில் கூடுதலாக ஒரு சொல்: 'இனிப்பு'!

ஆண்டு, ஊர், பண்ணை, செய்தவர், ரகம். இன்றைய லேபிளில் இதைத் தாண்டி என்ன இருக்கிறது? பார்கோடும் எச்சரிக்கை வாசகமும்தான் பாக்கி. மன்னர்கள் பெயர் சொல்லாமல் மறைந்த காலத்தில், திராட்சை பிழிந்தவன் பெயர் ஜாடியின் தோளில் ஏறி நமக்கு வந்து சேர்ந்திருக்கிறதே, அடேங்கப்பா!

லேபிளில் புளுகுவதும் பழைய வித்தைதான். கி.பி. முதல் நூற்றாண்டில் பெட்ரோனியஸ் எழுதிய 'சாட்டிரிகான்' என்ற ரோமானிய நையாண்டிக் கதையில் திரிமால்கியோ என்று ஒரு புதுப் பணக்காரர். விருந்தில் கண்ணாடிக் குப்பிகளை வரிசையாகக் கொண்டுவரச் சொல்கிறார். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு: 'ஒபிமியஸ் காலத்து ஃபலெர்னியன், நூறு ஆண்டு பழையது'. ஃபலெர்னியன் ரோமின் பேர்போன ஒயின், அதில் இனிப்பு ரகமும் உண்டு. வேடிக்கை எங்கே என்றால், ஒபிமியஸ் ஆட்சியில் இருந்தது கி.மு. 121ல். கதை நடக்கும் காலத்தில் அந்த ஒயினுக்கு நூறு வயது என்பது கணக்கிலேயே உதைக்கிறது. படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். லேபிளை நம்பாதே என்பதை வைத்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பே ஜோக் அடித்திருக்கிறார் மனிதர்.

அந்த மத்தியதரைக் கடல் ஒயின் நம் கரைக்கும் வந்தது. புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் தோண்டிய இடத்தில், ஒயின் ஏற்றிவந்த இரண்டு காது வைத்த ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மணக்கும் தேறலைப் பாண்டிய மன்னன் அருந்துவதைப் புறநானூறு பாடுகிறது. அதில் ஜாடியையும் 'நல்ல கலம்' என்று தனியாகப் பாராட்டியிருப்பதைக் கவனியுங்கள். பேக்கேஜிங் நன்றாக இருந்தால் புலவர் கண்ணிலும் படத்தான் செய்யும்.

தண்ணீர் குடிக்கிறவர் செய்த ஒயின் சீட்டு

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒயின் பீப்பாயில் வரும். வீட்டில் அதை டிகாண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி மேசையில் வைப்பார்கள். எது போர்ட் ஒயின், எது மடீரா ஒயின் என்று எப்படித் தெரியும்? அதற்காக டிகாண்டரின் கழுத்தில் சின்னச் சங்கிலி போட்டு வெள்ளித் தகடு ஒன்றைத் தொங்கவிட்டார்கள், நம் குழந்தைகளுக்குக் கட்டுகிற தாயத்து மாதிரி. தகட்டில் திராட்சைக் கொடி, தேவதைக் குழந்தை, நடுவில் செதுக்கிய எழுத்தில் 'மடீரா'. 1730களில் தொடங்கி நூறு ஆண்டுக்கும் மேல் இந்த மோகம் இருந்தது. இந்தச் சீட்டுகளைச் செய்வதில் பேர் எடுத்த லண்டன் வெள்ளிக் கொல்லர் ஒருவரின் பெயர் சாண்டிலாண்ட்ஸ் டிரிங்க்வாட்டர். டிரிங்க்வாட்டர் என்றால் 'தண்ணீர் குடி'! சத்தியமாகக் கற்பனை இல்லை.

காகித லேபிள் எப்போது வந்தது? 1796 வாக்கில் அலோய்ஸ் செனெஃபெல்டர் என்ற ஜெர்மன் நாடகாசிரியர், தன் நாடகங்களை மலிவாக அச்சடிக்க வழி தேடிக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையால் எழுதி, கல்லை நனைத்து, மை தடவினார். எழுதிய இடத்தில் மட்டும் மை பிடித்தது, ஈரமான இடம் மையைத் தள்ளிவிட்டது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அவ்வளவுதான் ரகசியம். லித்தோகிராஃபி பிறந்தது. ஒயின் லேபிள்கள் வண்ண வண்ணமாக ஆயிரக்கணக்கில் கொட்டின. சிவகாசியில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்துத் தள்ளும் ஆஃப்செட் மெஷின் ஓடுவதும் இதே எண்ணெய்–தண்ணீர் சண்டையில்தான்.

ஒரு தீற்று வெள்ளைப் பெயிண்ட்

இப்போது நான் மிகவும் ரசிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கில் விளைவது போர்ட் ஒயின். நொதித்துக்கொண்டிருக்கும்போதே பிராந்தியைச் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுவார்கள். சர்க்கரை அப்படியே தங்கிவிடும். இதில் உச்சம் 'வின்டேஜ் போர்ட்'. இரண்டு மூன்று ஆண்டு பீப்பாய், பிறகு குப்பிக்குள் இருபது, நாற்பது, அறுபது ஆண்டு உறக்கம்.

அறுபது ஆண்டு ஈரமான நிலவறையில் கிடந்தால் காகித லேபிள் என்னவாகும்? பூஞ்சை தின்னும், பசை விடும், எலி கடிக்கும். எனவே பெரிய போர்ட் நிறுவனங்கள் காகிதத்தை நம்பவில்லை. தகட்டில் எழுத்தை வெட்டி, குப்பி மேல் வைத்து, வெள்ளைப் பெயிண்டை அப்பிவிட்டார்கள். லாரியின் பக்கப் பலகையில் ஸ்டென்சில் அடிப்போமே, அதே வேலை. நிறுவனத்தின் பெயர், ஆண்டு. முடிந்தது. கின்டா டோ நோவால் பண்ணை 1920களிலேயே இப்படி அடித்தது. மடீரா தீவின் பழைய குப்பிகளிலும் இதே வெள்ளை எழுத்தைப் பார்க்கலாம்.

அதிசயம் இனிமேல்தான். பழைய வின்டேஜ் போர்ட் குப்பியை உற்றுப் பார்த்தால், எழுத்தோடு சம்பந்தமே இல்லாமல், ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு தீற்று இருக்கும். பெயிண்டர் கை தவறிச் சிந்திய மாதிரி அசிங்கமாக. அது தவறு அல்ல! படுக்க வைத்த குப்பியில் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதற்கான அடையாளம். ஆண்டுக்கணக்கில் படுத்திருக்கும் போர்ட்டில் வண்டல் கீழ்ப்பக்கமாகப் படிந்து பொருக்கு கட்டும். குப்பியை வேறு இடத்துக்கு மாற்றும்போது புரட்டி வைத்துவிட்டால் பொருக்கு உடைந்து ஒயின் முழுக்கக் கலங்கிவிடும். வெள்ளைத் தீற்று மேலே இருக்கும்படி வைத்தால் கவலை இல்லை. எழுத்தறியாத கூலியாளுக்கும் புரியும். மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் தெரியும். ஒரு வார்த்தை இல்லை, ஒரு படம் இல்லை, செலவு ஒரு தீற்றுப் பெயிண்ட். இந்தக் கட்டுரையில் தங்கமும் பளிங்கும் நிறைய வரப்போகின்றன. எதுவும் இதற்குப் பக்கத்தில் நிற்காது என்பது என் கட்சி.

அந்தக் குப்பியைத் திறப்பதும் கூத்துதான். அறுபது ஆண்டு ஊறிய கார்க் திருகினால் பொடிந்துவிடும். அதனால் நீண்ட கைப்பிடி வைத்த இடுக்கியைச் செக்கச்செவேல் என்று காய்ச்சி, குப்பியின் கழுத்தைக் கார்க்குக்குக் கீழே கவ்விப் பிடிப்பார்கள். ஒரு நிமிடம். பிறகு அதே இடத்தில் ஈரத்துணி. 'டிக்' என்று கழுத்து கார்க்கோடு சேர்ந்து சுத்தமாக அறுந்து வரும்!

டூரோவில் லேபிள் ஒட்டியது குப்பிக்கு மட்டும் அல்ல, நிலத்துக்கும்கூட. 1756ல் பொம்பால் பிரபு, எந்த நிலத்தின் ஒயினுக்குப் போர்ட் என்ற பெயர் பொருந்தும் என்று எல்லை வகுத்தார். எல்லையைக் காட்ட நட்ட கருங்கல் தூண்கள் 335. சில இன்றும் நிற்கின்றன.

போர்ட் குப்பியில் கறுப்பு அங்கி போர்த்தி, அகலத் தொப்பி வைத்து, கையில் கோப்பையோடு நிற்கும் முகமில்லாத உருவத்தைப் பார்த்திருப்பீர்கள். சாண்ட்மேன் நிறுவனத்தின் 'டான்'. அங்கி போர்ச்சுகல் மாணவர்களுடையது, தொப்பி ஸ்பெயின் குதிரைவீரர்களுடையது. நிறுவனம் விற்பது போர்ச்சுகலின் போர்ட், ஸ்பெயினின் ஷெர்ரி இரண்டையும். ஒரே நிழலுருவத்தில் இரண்டு நாட்டையும் அடக்கிவிட்டார் ஓவியர். 1928ல் இதை வரைந்தவர் ஜார்ஜ் மாசியோ பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அப்போது பிரெஞ்சு போஸ்டர்களுக்குத்தான் மவுசு. எனவே பிரௌனைக் கழற்றிவிட்டு 'ஜி. மாசியோ' என்று பிரெஞ்சுக்காரர் மாதிரி கையெழுத்துப் போட்டுவிட்டார். ஓவியருக்கே ஒரு லேபிள்!

அரக்கின் நிறத்தில் தரம்

ஜெர்மனியின் ரைன் கரையில் ஷ்லாஸ் யோஹன்னிஸ்பெர்க் என்ற பண்ணை. 1775ல் அறுவடைக்கு அனுமதி கேட்டு ஃபுல்டா நகர ஆயரிடம் ஆள் அனுப்பினார்கள். குதிரைக்காரர் திரும்பி வர வெகு தாமதம். அதற்குள் திராட்சை கொடியிலேயே சுருங்கி, பூஞ்சை பிடித்துவிட்டது. தலையில் கைவைத்தபடியே பிழிந்தார்கள். அமிர்தம்! தாமத அறுவடையின் பெருமையை அந்தப் பண்ணைக்கு உணர்த்தியவர் அந்தக் குதிரைக்காரர்தான். பண்ணை முற்றத்தில் இன்றும் அவருக்குச் சிலை இருக்கிறது. லேட்டாக வந்ததற்குச் சிலை வைத்த ஒரே ஆசாமியாக இருக்க வேண்டும்.

அங்கே குப்பியின் தரத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கழுத்தின் நிறம் போதும். சாதாரண ரகம் மஞ்சள் அரக்கு, அடுத்தது சிவப்பு, தாமத அறுவடை பச்சை, பொறுக்கி எடுத்தது ரோஜா நிறம், உறைந்த திராட்சை நீலம், உச்சத்துக்குத் தங்கம். 19ஆம் நூற்றாண்டில் உண்மையான முத்திரை அரக்கை உருக்கி வார்த்தார்கள், இன்று அதே நிறங்களில் உறை. ஜெர்மன் மொழியில் இவற்றை 'ரோட்லாக்', 'க்ரூன்லாக்' என்பார்கள். இந்த 'லாக்' எங்கிருந்து போனது தெரியுமா? நம் நாட்டு 'லாக்ஷா' என்ற சொல் பாரசீகம், அரபு, இத்தாலி என்று ஊர் ஊராகச் சுற்றி ஜெர்மனி போய்ச் சேர்ந்தது. பாண்டவர்களை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகை இருக்கிறதே, வடமொழியில் அது லாக்ஷா கிருகம். அதே அரக்குதான்!

ஜெர்மன்காரர்களின் இன்னொரு சாமர்த்தியம். 1971ல் வந்த ஒயின் சட்டம், 'நேர்த்தியானது', 'அதிநேர்த்தியானது' என்ற அடைமொழிகளை லேபிளில் போடக் கூடாது என்று கத்திரி போட்டது. லேபிளில்தானே கூடாது? கழுத்து உறையைத் தங்க நிறத்துக்கு மாற்றிவிட்டார்கள். தங்க உறை என்றால் நேர்த்தி. அந்த உறையே கொஞ்சம் நீளமாக இருந்தால் அதிநேர்த்தி! வாடிக்கையாளர் உறையின் நீளத்தைக் கண்ணால் அளந்து பணத்தை எடுத்து வைப்பார். சட்டப் புத்தகத்தில் உறையின் நீளம் பற்றி ஒரு வரியும் கிடையாது.

அவர்களின் உச்ச இனிப்பு ரகத்தின் பெயர் ட்ரோக்கன்பேரென்அவுஸ்லேஸே. ரோமன் எழுத்தில் மொத்தம் 20, இடைவெளியே கிடையாது. சின்ன லேபிளில் அதை அடக்கப் பாடுபடும் டிசைனரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. பக்கத்து ஆஸ்திரியாவின் கிராகர் குடும்பம் சுலபமான வழி கண்டது. ஒவ்வோர் ஆண்டும் தங்கள் இனிப்பு ஒயின்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டார்கள். எண் ஏற ஏற அடர்த்தி ஏறும்.

1811: ஒரே வருஷத்தில் மூன்று

1811ல் வானத்தில் ஒரு பெரிய வால்நட்சத்திரம் மாதக்கணக்கில் தெரிந்தது. அந்த ஆண்டு ஐரோப்பாவில் திராட்சை அபாரமாக விளைந்தது. வால்நட்சத்திரத்தின் அருள் என்று நம்பினார்கள். ஷாம்பேன் உலகின் புகழ்பெற்ற விதவை மேடம் கிளிக்கோ, தன் கார்க்கில் ஒரு வால்நட்சத்திரத்தைச் சூடுபோட்டுப் பதித்தார்.

இரு நூற்றாண்டு ஓடியது. 2010 ஜூலையில் பால்டிக் கடலில், ஓலந்து தீவுகளுக்கு அருகே மூழ்கிக் கிடந்த ஒரு பழைய கப்பலில் 168 ஷாம்பேன் குப்பிகளைக் கண்டெடுத்தார்கள். சுமார் 170 ஆண்டு கடலடியில் கிடந்தவை. ஒரு குப்பியிலும் லேபிள் இல்லை, காகிதம் கரைந்து எப்போதோ மீனுக்கு இரையாகியிருக்கும். யாருடைய சரக்கு? கார்க்கை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பினார்கள். ஒயினில் ஊறிப் பழுப்பேறிய சில கார்க்குகளில், காசளவு இடத்தில், வாலோடு ஒரு நட்சத்திரம்! அம்மையார் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிற்று. பரிசோதித்துப் பார்த்தால் லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை. இன்றைய கோலாவில் சுமார் 106 கிராம்தான். பிற்பாடு அந்த நிறுவனம் இனிப்புக் குறைந்த ஷாம்பேனைப் பிரித்துக் காட்ட மஞ்சள் லேபிள் ஒட்டி, 1877ல் பதிவும் செய்தது. இனிப்பு ரகத்துக்கு வெள்ளை லேபிள்.

அதே 1811ல் விளைந்த இன்னொன்று, பிரான்ஸின் சோதர்ன் பகுதியின் ஷத்தோ டிகேம் என்ற இனிப்பு ஒயின். அதன் ஒரு குப்பி 2011ல் 75,000 பவுண்டுக்கு விலைபோனது. ஒரு கொடியிலிருந்து ஒரு கோப்பைதான் தேறும் என்பது அங்கே பெருமைப் பேச்சு. லேபிளோ மகா சிக்கனம்: ஒரு கிரீடம், பெயர், ஆண்டு. வேறு ஜோடனை எதற்கு? தெளிந்த கண்ணாடி வழியே ஒயினே தங்கமாக மின்னுகிறது, வயதாக வயதாகத் தேன்நிறமாகி, கடைசியில் கருப்பட்டிப் பாகின் நிறத்துக்குப் போகிறது. விளைச்சல் சரியில்லாத ஆண்டுகளில் லேபிளே அடிப்பதில்லை. 1992, 2012 என்று போட்ட டிகேம் குப்பியை யாராவது உங்களிடம் நீட்டினால் ஓட்டம் பிடியுங்கள். அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை.

மூன்றாவது 1811, ஒரு நாவல். ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'. காதலில் மனமுடைந்த தங்கைக்கு மருந்தாக ஒருவர் கான்ஸ்டான்ஷியா ஒயின் கொண்டுவருகிறார். அக்காக்காரி, தனக்கும் அது தேவைதான் என்று தானே குடித்துவிடுகிறாள். தென்னாப்பிரிக்காவின் அந்த இனிப்பு ஒயின், கைதியாகச் செயின்ட் ஹெலினா தீவில் இருந்த நெப்போலியனுக்கும் போனது. பிறகு அடியோடு மறைந்து, 1986 அறுவடையிலிருந்து மறுபிறவி எடுத்தது. மறுபிறவிக்கு என்ன குப்பி போட்டார்கள் தெரியுமா? பழைய காலத்தில் வாயால் ஊதிச் செய்த குப்பி ஒரு பக்கமாகக் கோணியிருக்கும் அல்லவா, அதே கோணலோடு புதுக் குப்பி! இயந்திரத்தில் நேராகச் செய்வது சுலபம். கோணலாகச் செய்யத்தான் மெனக்கெட வேண்டும்.

பழசுக்கு இத்தனை மவுசு இருந்தால் போலி வராமல் இருக்குமா? அமெரிக்க அதிபராவதற்கு முன் தாமஸ் ஜெஃபர்சன் பிரான்ஸில் தூதராக இருந்தார், டிகேமை ஆசை ஆசையாக வரவழைத்தவர். 1985ல் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் செதுக்கிய 1787ஆம் ஆண்டுச் சிவப்பு ஒயின் குப்பி ஒன்று லண்டன் ஏலத்தில் 1,05,000 பவுண்டுக்குப் போனது. அதே தொகுப்பில் டிகேம் குப்பிகளும் இருந்தன. பின்னாளில் பில் கோக் என்ற கோடீஸ்வரர், தான் வாங்கிய குப்பிகளின் எழுத்தை நிபுணர்களிடம் காட்டினார். மின்சாரக் கருவியால் செதுக்கியது என்றார்கள் அவர்கள். 18ஆம் நூற்றாண்டில் ஏதய்யா கரண்ட்?

கரண்டி வந்துவிட்டது

ஹங்கேரியின் தோக்காய் ஒயினை அந்த நாட்டுத் தேசிய கீதமே புகழ்கிறது. அதன் லேபிளில் '5 புத்தோனியோஷ்', '6 புத்தோனியோஷ்' என்று போட்டிருக்கும். புத்தோனி என்றால் முதுகில் சுமக்கும் கூடை. 136 லிட்டர்ப் பீப்பாய்க்கு எத்தனை கூடை சுருங்கிய திராட்சை போட்டார்கள் என்ற பழைய கணக்கு அது. காப்பிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று கேட்கிற மாதிரி! அதிலும் உச்சம் 'எசென்சியா'. யாரும் பிழிவதில்லை. குவித்து வைத்த திராட்சையின் பாரத்திலேயே சொட்டுச் சொட்டாக வடிவது. லிட்டருக்குக் குறைந்தது 450 கிராம் சர்க்கரை, பல வருஷம் நொதித்தாலும் பீர் அளவு போதைகூட ஏறாது. இதைக் கோப்பையில் ஊற்றினால் வீண் என்று குப்பியோடு ஒரு பளிங்குக் கரண்டி வைத்து விற்கிறார்கள், இருமல் மருந்து மாதிரி. 2019ல் ராயல் தோக்காய் நிறுவனம், கையால் ஊதிய ஒன்றரை லிட்டர்க் கண்ணாடிக் குடுவையில் 2008ஆம் ஆண்டு எசென்சியாவை அடைத்துச் சுமார் 40,000 டாலர் விலை வைத்தது. அழகான குடுவைதான். ஆனாலும் போர்ட்டின் வெள்ளைத் தீற்றை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இத்தாலியின் பந்தெல்லேரியா தீவில் காற்று ஓயாது. அங்கே டோனாஃபுகாத்தா நிறுவனம் செய்யும் உலர்திராட்சை ஒயினின் பெயர் 'பென் ரியே'. அரபு மொழியில் காற்றின் மகன்! வட இத்தாலியின் லா ஸ்பினெத்தா, மோஸ்காட்டோ என்ற இனிப்பு ஒயினில் தொடங்கிய நிறுவனம். ஆனால் அதன் பேரைப் பரப்பியது சிவப்பு ஒயின் லேபிளில் நிற்கும் காண்டாமிருகம். அது நம்மூர்க்காரர்! 1515ல் இந்தியாவிலிருந்து கப்பலேறி லிஸ்பன் போன விலங்கு. அதை நேரில் பார்க்காமலேயே, கேள்விப்பட்டதை வைத்து டூரர் என்ற ஜெர்மன் ஓவியர் வரைந்தார். தோளில் இல்லாத கொம்பு ஒன்றையும் சேர்த்துவிட்டார். அந்தப் பொய்க்கொம்புப் படம்தான் லேபிளில்.

கனடாவில் மைனஸ் 8 டிகிரிக் குளிரில், திராட்சை கல்லாக உறைந்த பிறகே பறித்து ஐஸ்ஒயின் செய்வார்கள். ஒல்லியாக நெடுநெடுவென்று 375 மில்லி குப்பி. கலிபோர்னியாவில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? பானி டூன் நிறுவனம் திராட்சையைத் தூக்கி ஃபிரீசரில் வைத்தது. வைத்ததை மறைக்கவும் இல்லை, லேபிளில் 'வான் டி கிளாசியேர்' என்று பிரெஞ்சில் பெயர் போட்டது. ஐஸ்பெட்டி ஒயின் என்று அர்த்தம்!

விரலால் படிக்கும் லேபிள்

கண் தெரியாதவர் கடையில் ஒயினை எப்படித் தேர்ந்தெடுப்பார்? பார்வையற்ற பிரெஞ்சுப் பாடகர் ஜில்பர் மொந்தான்யே, கடைக்குப் போனால் துணைக்கு ஆள் தேவைப்படுகிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் ஒயின் தயாரிப்பாளர் மிஷெல் ஷாபூத்தியே. 1996 முதல் அவர் நிறுவனத்தின் லேபிள்களில் பிரெய்ல் புள்ளிகள் எழும்பின. போம் டி வெனீஸ் பகுதியின் மஸ்கட் இனிப்பு ஒயினும் அதில் சேர்த்தி. எம்போஸ் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: புள்ளி அழுத்தமாக எழும்பினால் காகிதம் கிழியும், தணிந்து போனால் விரலுக்கு எட்டாது. முதலில் பிரெய்ல் போட்டது 'மொனியே டி லா சிசெரான்' என்ற ஒயினுக்கு. பிரெய்லைச் சுருக்கி எழுதும் முறையை வகுத்த மோரிஸ் டி லா சிசெரான், அந்தத் தோட்டத்தை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. அவரும் பார்வையற்றவர்!

கடைசியாக, கலிபோர்னியாவில் மடேரா என்ற ஊர். அங்கே க்வாடி என்ற பண்ணை போர்ட் பாணியில் ஓர் ஒயின் செய்கிறது. போர்ட் என்ற பெயர் போர்ச்சுகலுக்குச் சொந்தம். கப்பல்காரர்கள் பாஷையில் போர்ட் என்றால் கப்பலின் இடப்பக்கம். வலப்பக்கம்? ஸ்டார்போர்ட்! அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

அதே பண்ணையின் இன்னொரு இனிப்பு ஒயின் 'எலிசியம்'. லேபிளில் 'பிளாக் மஸ்கட்' என்று திராட்சையின் பெயர் இருக்கும். ரோஜா வாசனைக்குப் பேர்போனது. பிளாக் மஸ்கட்டின் இன்னொரு பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் ஹாம்பர்க்குக்குத் தேனி மாவட்டத்தில் என்ன பெயர் தெரியுமா? பன்னீர் திராட்சை! கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க அறுவடையாகும் அதே பழம். 2023ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

அடுத்த முறை கம்பம், சுருளிப்பட்டி பக்கம் போனால் ஒரு கிலோ வாங்கி, கழுவுவதற்கு முன் முகர்ந்து பாருங்கள். அப்படியே அந்தப் பெட்டியில் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்று லேபிள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், ஏன் ஒட்டவில்லை என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.